ஒருகொடவத்தை மாட்டுப்பட்டியும் லூர்துவின் கடும்பும்

கொழும்புக்குள் மாட்டுப்பட்டியா என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பெரியம்மாவின் மகள் செல்வி அக்கா, ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றமொன்றின் பின்னால் பசுக்கள் வளர்க்கிறார். மாசி மாதம் அதில் ஒன்று, தீனியை ஒழுங்காகத் தின்றபடியே கழிந்து கழிந்து எலும்பாகிச் செத்துப்போனது. மிருக வைத்தியர் மற்றப் பசுக்களின் சாணத்தையும் இரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த சனிக்கிழமை நானும் போனேன். துணைக்கு என்று பெயர், உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான்.

வெள்ளவத்தையில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் புறக்கோட்டைக்கு முக்கால் மணித்தியாலம். அங்கிருந்து ஓட்டோவுக்கு ஐந்நூறு கேட்டு நானூறுக்கு வந்தார்கள். லொறிகள் அடைத்துக்கொண்டு நிற்பதால் கடைசி இருநூறு மீற்றர் நடைதான்.

வாசலிலேயே வைத்தியர் நளினி என் செருப்பைக் கழுவ வைத்தார். பிறகு அக்காவிடம், "லூர்துக்குத்தான் இருக்கு. ஜோன்ஸ் நோய், செத்ததுக்கு வந்த அதே குடல் வருத்தம். மருந்தில்லை அக்கா, பட்டியிலயிருந்து எடுக்கோணும்" என்றார்.

லூர்து அங்கேயே கொழுத்த பசு. அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கா டொக்டர்? ராசியான மாடெண்டு இதின்ட கடும்பைத்தானே எல்லாக் கண்டுக்கும் முதல் வாயா குடுக்கிறனான். பிறீசரிலயும் வச்சிருக்கிறன்."

ஈன்றதும் கறக்கும் கெட்டிப் பாலைத்தான் கடும்பு என்போம். வைத்தியரின் முகம் மாறியது. இந்நோய் கன்றுப் பருவத்திலேயே சாணத்தாலும் கடும்பாலும் தொற்றி, வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்குமாம். இனிப் பிறக்கும் கன்றை உடனே பிரித்துச் சுத்தமான இடத்தில் வைக்க வேண்டும், சோதனையில் தேறிய பசுவின் கடும்பையே கொடுக்க வேண்டும், பெரிய மாடுகளின் சாணம் அதன் தண்ணீரில் படக்கூடாது, வருடாவருடம் சோதிக்க வேண்டும் என்றார்.

"அப்ப இந்த நாலும்?"

மூலையில் நாலு பசுக்கன்றுகள் துள்ளிக்கொண்டிருந்தன. மறுநாள் பூசைக்குப் பிறகு இரத்மலானையிலிருந்து ஒருவர் வந்து அவற்றை வாங்குவதாகப் பேச்சு. அந்தக் காசில்தான் மழைக்கு முன் பட்டிக்குக் கூரை போட அக்கா நினைத்திருந்தார்.

"இப்ப சோதிச்சாலும் பிடிபடாது. ரெண்டு வருஷமாவது போகோணும்" என்றார் வைத்தியர்.

அக்கா பிறீசரில் இருந்த கடும்பைப் போத்தலோடு குழியில் போட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. "வித்திடுங்கோவன் அக்கா, ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அவர் குழியை மண் போட்டு மூடினார்.

போக விரும்புபவர்கள் எட்டு மணிக்குள் போனால் பால் கறப்பதைப் பார்க்கலாம். கழுவக்கூடிய றப்பர் செருப்புப் போடுங்கள், ஒரு பட்டியில் மிதித்த காலோடு இன்னொன்றுக்குள் போகாதீர்கள். கன்று வாங்குவதென்றால் அதன் துள்ளலில் மயங்காமல், யாருடைய கடும்பைக் குடித்தது என்று கேளுங்கள்.

நான் கிளம்பும்போது அக்கா இரத்மலானைக்காரருக்கு போன் எடுத்தார். கன்றுகள் விற்பனைக்கில்லை என்று சிங்களத்தில் சொன்னார். ஏன், சுகமில்லையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருக்குதுகள், அண்ணே" என்றார் அக்கா. "அதுதான் பயமாயிருக்கு."