வெளியில் நின்ற அடுப்பு

கோடை முழுதும் கோழி வாட்டிய காஸ் அடுப்பை மகன் போன கிழமை மூடிக் கட்டினான். இந்தக் குளிர்நாட்டுப் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது இரண்டு பாய் விரிக்கும் அளவு நிலம்தான். அதில் நின்று கொழுப்பைச் சுரண்டி, தட்டைக் கழுவி, உறை போட்டு, காற்றுக்குப் பறக்காமல் கயிற்றால் சுற்றினான். என் பிள்ளை செய்யும் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, மாடிப்படிக்குக் கீழே சப்பாத்துகளோடு வைத்துவிட்டான்.

"ஏன் தம்பி உந்தச் சிலிண்டரை உள்ளுக்குக் கொண்டுவந்தனி?"

"வெளியில விட்டா கள்ளர் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள் அம்மா. வால்வை நல்லாப் பூட்டித்தான் வைச்சிருக்கிறன். பயப்படாதேங்கோ."

ஷிப்டுக்கு உடுப்பு மாற்ற அவன் மேலே போனான். மேலேதான் பேத்தியும் நித்திரை. நான் சிலிண்டருக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதில் ஒட்டியிருந்த நெருப்புப் படத்தை விளங்கிக்கொள்ள அதுவும் தேவைப்படவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் வேலை. ஒருமுறை வரும்போது காற்றடித்துப் பற்றவைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பொன்றைக் கொண்டுவந்தார். பித்தளை. முகம் பார்க்கலாம். எங்கள் ஒழுங்கையில் வேறெவர் வீட்டிலும் அப்படியொன்று இல்லை. அந்தப் பெருமையை நான் ஊர் முழுக்கச் சுமந்து திரிந்தேன்.

மாமா திரும்பிப் போனபின் அம்மா அதைப் பற்றவைத்தாள். தீ ஒரே பாய்ச்சலில் கூரைக் கிடுகுவரை எழும்பியது. திருவிழா வாணம் என்று நினைத்து நான் கைதட்டினேன். அம்மா ஈரச் சாக்கை எறிந்து அணைத்தாள். அடுப்பைத் தூக்கிப்போய்க் கிணற்றடியில் வைத்து, மேலே ஒரு பழைய தகரத்தைச் சாத்திவிட்டாள்.

மாரி தொடங்கியது. அடுப்பு அங்கேயே கிடந்து பச்சை பிடித்தது. எனக்கு ஒவ்வொரு நாளும் அதே யோசனை. மாமா பொங்கலுக்கு வருவார், தன் அடுப்பு மழையில் கிடப்பதைக் காண்பார், கோபித்துக்கொண்டு இனி இந்தப் பக்கமே வரமாட்டார். அப்பாவிடம் போய் அழுதேன். அவருக்கும் மச்சானை நினைத்துச் சங்கடம்தான். ஒருநாள் அம்மா பால் வாங்கப் போன நேரம், அடுப்பைத் துடைத்துக் கொண்டுவந்து, குசினிக்குள் எரிகிற விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மா வந்தாள். வாசலிலேயே மண்ணெண்ணெய் மணம் பிடித்துவிட்டது. பால் செம்பு கையிலிருந்து விழுந்தது. பாய்ந்து போய் அடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் கிணற்றடிக்கு ஓடினாள்.

"உங்களுக்கென்ன விசரே!" என்று அப்பாவைக் கேட்டாள். "பிள்ளை படுக்கிற இடமெல்லோ உது!"

அம்மா படியில் குந்தினாள். பாம்பை விளக்குமாற்றால் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற பெண், பல் கிட்ட நடுங்கினாள். மழையில் நனைந்த குளிர் என்று நினைத்து நான் துவாயை எடுத்துவந்து போர்த்திவிட்டேன். அவள் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் சட்டையும் நனைந்துபோயிற்றே என்றுதான் எனக்குக் கவலை.

பொங்கலுக்கு வந்த மாமா கிணற்றடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னக்கா, என்ர அடுப்புக்குத் தனி வீடே கட்டிக் குடுத்திருக்கிறியள்!" இதற்காகவா ஒரு மாரி முழுதும் பயந்தேன்?

கதிரையை விட்டு எழுந்தேன். சிலிண்டர் நல்ல பாரம். நிமிர்த்திப் பிடித்து அரக்கி அரக்கிப் பின்கதவைத் தாண்டிக் கொண்டுபோய், மூடிக் கட்டிய அடுப்புக்கு அருகில், காற்றுப் படும் இடத்தில் நிறுத்தினேன். கள்ளன் வந்தால் கொண்டுபோகட்டும்.

படியால் இறங்கி ஓடிவந்தான் மகன்.

"என்னம்மா செய்யிறியள்? சொன்னால் நான் தூக்கி வைச்சிருப்பனே! கையெல்லாம் நடுங்குது. குளிருதே?"

தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போர்த்தினான்.

"ஓம் தம்பி," என்றேன். "நல்லாக் குளிருது."