இருக்கையில் ஓர் ஆள்

டீசல் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, எஞ்சின்மேல் குனிந்தபடியே ராஜமாணிக்கம் "அழுத்து" என்கிறார். டிராக்டரின் இருக்கையில் யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் நிமிர்கிறார். சுற்றிக்கொண்டு போய், மேலே ஏறி, வண்டியைக் கிளப்பும் செல்ஃபைத் தானே அழுத்துகிறார். எஞ்சின் முனகுகிறது. அவர் இறங்கி வந்து பார்ப்பதற்குள், குழாய் வாயில் வந்தது நுரையா டீசலா என்று சொல்ல வழியில்லாமல் போய்விடுகிறது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து நாலு வீடு உள்ளே தள்ளி அவருடைய தகரக் கொட்டகை. அதில் மூன்று டிராக்டர்கள். எழுபத்தொன்றாம் வருடத்து வண்டி ஒன்றுதான் ஓடும். மற்ற இரண்டும் தங்கள் உறுப்புகளை அதற்குத் தானம் செய்துவிட்டு நிற்கின்றன. ஆனால் மூன்றுக்கும் ஒரே துடைப்பு, ஒரே கிரீஸ். ஓடாத வண்டிக்கு எதற்கு கிரீஸ் என்று கேட்டால், "ஓடலன்னா? அதுக்கு மூட்டு இல்லயா?" என்பார். எழுபத்து மூன்று வயதுக்காரர். தன் மூட்டுக்கு அவர் தைலம் தடவி யாரும் பார்த்ததில்லை.

பௌர்ணமியன்று ஓடுகிற வண்டியைக் காலையிலேயே பாதையோரம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மலை சுற்ற வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "தாத்தா, இது ஓடுமா?" என்று எவராவது கேட்டுவிட்டால் போதும், கியர் கியராக விளக்க ஆரம்பிப்பார். இரண்டாவது கியருக்கு வருவதற்குள் கேட்டவர் அடுத்த லிங்கத்துக்குப் போயிருப்பார்.

மனைவி சரோஜா இருந்தவரை அந்த இருக்கை அவளுடையது. டேங்க் வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். அதை வெளியேற்றுவதற்கு 'ஏர் எடுக்கிறது' என்று பெயர். அது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து செல்ஃபை அழுத்த வேண்டும். இன்னொருவர் கீழே நின்று, நுரை அடங்கிச் சுத்தமான டீசல் பீய்ச்சும் நேரம் பார்த்து நட்டை முடுக்க வேண்டும். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சரோஜா மேலே உட்கார்ந்திருப்பாள். "போதும்னு சொல்வீங்களா, இல்ல பொழுது சாயற வரைக்கும் குந்தினே இருக்கட்டா?" என்பாள். 'அழுத்து', 'போதும்' என்ற இரண்டு சொல்லில் நாற்பது வருடக் குடித்தனம் நடந்தது. அவள் போய் மூன்று வருடமாகிறது.

டேங்க்கை வறள விடுகிறவனை ராஜமாணிக்கம் மனிதனாகவே மதித்ததில்லை. "குச்சி வுட்டு டீசல் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குயா வண்டி?" என்று எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார். இப்போது அவருடைய டேங்க்கே மாதம் இரண்டு முறை வறள்கிறது. வயதாகிவிட்டது என்கிறார்கள் ஊரில். வயதெல்லாம் இல்லை. டேங்க்கின் அடித் திருகை அவரேதான் திறந்து டீசலைக் கேனில் இறக்குகிறார். எஞ்சின் இருமி நிற்கும்வரை ஓட விடுகிறார். பிறகு ஒரு சொட்டு சிந்தாமல் டீசலைத் திரும்ப ஊற்றுகிறார். பொய் சொல்ல அவருக்கு வராது. ஆகவே தனியாக ஒரு முறை முயன்று, ஒழுங்காகத் தோற்றுவிட்டு, அதன் பிறகுதான் ஜியாவுல்லாவுக்கு போன் போடுகிறார்.

திருவண்ணாமலையில் லேத் பட்டறை வைத்திருந்து, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டவர் ஜியாவுல்லா. மொபெட்டில் வந்து இறங்கும்போதே, "இன்னாண்ணா, மறுபடியும் வறண்டுச்சா?" என்பார்.

"வறண்டுடுச்சு பாய். தனியா பண்ணிப் பாத்தேன், ஆவல."

"மறதி ஜாஸ்தியாயிடுச்சுண்ணா உங்களுக்கு."

வேலை பத்து நிமிடம். அதற்குப் பிறகு டீயும் பேச்சும் ஒன்றரை மணி நேரம். யாருக்குச் சர்க்கரை ஏறியது, வேங்கிக்காலில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று எல்லாம் வரும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ராஜமாணிக்கம் மீதி நாட்களைத் தள்ளுகிறார்.

போன மாதம் ஜியாவுல்லா வரும்போது பம்புசெட்டுப் பெட்டியிலிருந்து கழற்றிய பச்சைப் பட்டன் ஒன்றையும் இரண்டு முழ ஒயரையும் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் மெனக்கெட்டு அதைச் செல்ஃப் மோட்டாருடன் இணைத்தார்.

"இனிமே கீழ நின்னே நீங்க அழுத்திக்கலாம்ணா. எனக்கும் முட்டி வலி, ஏறி எறங்க முடியல. உங்களுக்கும் ஆள் தேடற வேல கம்மி."

ராஜமாணிக்கம் இடது கையில் பட்டனும் வலது கையில் ஸ்பேனருமாக நின்றார். நுரை வந்தது, அடங்கியது, டீசல் பீய்ச்சியது, முடுக்கினார். வண்டி கிளம்பிவிட்டது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நல்லா கீது பாய்" என்று சொன்னார். அன்றைக்கு ஜியாவுல்லா அரை டம்ளர் டீயோடு கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு மூன்று வாரம் கொட்டகைக்கு யாரும் வரவில்லை. சென்னையிலிருந்து மகள் ரேவதி போனில், "அதையெல்லாம் வித்துட்டு இங்க வந்துடுப்பா" என்று இரண்டு முறை சொன்னாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜமாணிக்கம் ஒயரைக் கழற்றிச் சுருட்டி, பட்டனோடு டூல்ஸ் பெட்டியின் அடியில் வைத்தார். எலி கடித்துவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தார். அந்தப் பொய் வாயில் வரவில்லை. போனை எடுத்தார்.

"பாய், அந்தப் பட்டன நான்தான் கழட்டிட்டேன்."

"ஏண்ணா, வேல செய்யலியா?"

"நல்லா செய்யுது. அதனாலதான். டேங்க்கயும் நான்தான் தொறந்து வுட்டேன். எப்பவுமே நான்தான்."

"பாக்கறேண்ணா, முட்டி எப்படி கீதுன்னு" என்று மட்டும் சொல்லி ஜியாவுல்லா வைத்துவிட்டார்.

ராஜமாணிக்கம் தோள் துண்டால் இருக்கையைத் துடைத்தார். கொட்டகை மூலையிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்து, டிராக்டரில் கால் வைத்து ஏறும் இடத்துக்குக் கீழே படி மாதிரி போட்டார். அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். லேசாக ஆடியது. இறங்கி, ஒரு சில்லுக் கல்லை அடியில் செருகிவிட்டு, மறுபடியும் ஏறி நின்று பார்த்தார்.