மலையூர் வாசலில் இறங்கினேன்

விடுமுறையிலும் எனக்கு இருப்புக்கொள்ளாது என்று மகள் பழிப்பாள். ரொறன்ரோவிலிருந்து போய், இத்தாலியின் மலைப் பூங்கா ஒன்றில் இருவரும் சைக்கிள் ஓடினோம். உச்சிக்கு உச்சி, கல்மதிலுக்குள் பல நூற்றாண்டுப் பழைய சிற்றூர்கள்.

ஓர் ஊர் வாசலில், சீருடை அணிந்த பூங்காக் காவலர் கையை உயர்த்தினார். நான் சட்டென்று இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, சைக்கிளை உருட்டத் தொடங்கினேன்.

"அப்பா, ஏன் இறங்கினீங்கள்? அவர் ஜஸ்ட் ஹாய்தானே சொல்றார்!"

யாழ்ப்பாணத்தில் ஆமிச் சென்றிக் காவலரண்களை, அடையாள அட்டையும் கையுமாக, அப்படித்தான் கடந்தோம் என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

காற்றுப் போய்விட்டதென்று நினைத்தாரோ என்னவோ, காவலர் ஓடிவந்து என் காலடியில் முழங்காலிட்டு ரயரை அமத்திப் பார்த்தார். "ஓகே, ஓகே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பொக்கற்றுக்குள் என் விரல்கள் மட்டும், எடுத்து நீட்டுவதற்குத் தயாராக, கனடா லைசென்ஸை இறுகப் பிடித்திருந்தன.