பத்தொன்பதாம் நாள் போட்ட சட்டை

என் தங்கை மகள் பெரம்பலூரில் பிறந்தாள். தலை வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. இழுத்தார்கள். உயிர் வந்தது, இடது கை வரவில்லை. ஈரத்துணி மாதிரி தோளிலிருந்து தொங்கியது.

ஒன்பதாம் மாதம் திருச்சியில் ஆபரேஷன். கழுத்தருகே நன்றாக வேலை செய்கிற ஒரு நரம்பின் கிளையை எடுத்து, அறுந்த தோள் நரம்போடு தைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலாம். "மூணு வாரம் கைய ஒடம்போட சேத்துக் கட்டியே வச்சிருக்கணும். குளிப்பாட்டக்கூட அவுக்காதீங்க," என்றார் டாக்டர். தலையாட்டியது நான். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான்தானே.

கல்லங்குறிச்சி கோயிலில் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் முன்பே நாள் குறித்து, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. ஆபரேஷன் தள்ளிப்போனதில், அந்த நாள் கட்டுப் போட்ட பத்தொன்பதாவது நாளாக வந்து விழுந்தது.

தாய்மாமனான என் மடியில் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம். அரியலூரில் நான் எடுத்த பட்டுச் சட்டை சீர்த்தட்டில். வலது கையை மட்டும் அதில் நுழைத்து, கட்டின் மேல் சும்மா போர்த்திவிட்டேன்.

தங்கையின் நாத்தனார் சிரித்தாள். "என்ன மச்சான், ஒத்தக் கைக்குத்தான் சட்டை எடுத்தீங்களா? மிச்சச் சீரு எப்ப வரும்?"

கூட்டமே சிரித்தது. என் காது சுட்டது.

"டாக்டரு அவுக்கக் கூடாதுன்னாருண்ணே," என்றாள் தங்கை.

"ரெண்டு நாள்தான பாக்கி. ஒரு போட்டோ எடுத்துட்டு மறுபடி கட்டிடலாம்."

சொன்னது நான்.

அவிழ்த்தேன். கை விழுந்தது. சட்டைக் கை இறுக்கம், பிடித்து இழுத்தேன். அவள் பிறந்தபோது இழுத்தார்களே, அதே கை. வீறிட்டாள். "காது குத்தறதுக்கு முன்னாடியே அழுவுது பாரு," என்றார் யாரோ.

போட்டோவில் இரண்டு கைகளும் இருக்கின்றன.

மாதங்கள் போயின. டாக்டர் குழந்தையின் முகத்துக்கு மேலே ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். வலது கை பாய்ந்தது. இடது கை மேஜையிலேயே கிடந்தது.

"கட்ட நடுவுல அவுத்தீங்களா?"

"இல்லீங்க சார்," என்றேன். தங்கை என்னைப் பார்க்கவில்லை.

"சில கொழந்தைங்களுக்கு நரம்பு ஒட்டறதில்ல. ஏன்னு சொல்ல முடியாது. இனி திரும்பப் பண்றதும் கஷ்டம்."

அந்த 'சொல்ல முடியாது'க்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் யூனிபார்ம் மாட்டிவிடப் போனேன். வலது கையால் இடது கையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"இதுக்குத்தான் மாமா மொதல்ல போடணும். இழுக்காத."