தைருக்குப் போன தூக்கு

எங்கள் திருச்சி வீட்டுச் சமையலறையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. மூடி நெளிந்து, ஓர் ஓரமாகத்தான் மூடும். மருமகள் இரண்டு முறை அதைப் பழைய பாத்திரக்காரனுக்கு எடுத்துவைத்தாள். இரண்டு முறையும் பிடுங்கிக்கொண்டேன்.

எழுபதுகளில் பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் குடியிருந்தோம். எதிர் அறையில் இருந்தவர் என் கணவரோடு வேலை பார்த்த சர்வேயர் தம்பி, பாளையங்கோட்டைக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், "தைருக்குப் போய்ட்டு வாரேன்க்கா" என்றார். தைர் அங்கே ஒரு கிராமம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தயிருக்கா இவ்வளவு டிரஸ்ஸு? நமக்கும் வாங்கிட்டு வாங்க தம்பி" என்று தூக்கைக் கையில் திணித்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் தூக்கு நிறையத் தயிரோடு வந்தார். "புளிக்கலையே?" என்று கேட்டேன்.

"அம்மா போய்ட்டாங்கக்கா" என்றார்.

காலையில் தந்தி வந்திருக்கிறது. அன்றே அடக்கம். ஆபீஸ் விடுமுறை, பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில்; ஊருக்குக் கிளம்ப வழியில்லை. கிறிஸ்தவக் கோயில் இல்லாத சீமைக்கு மகன் போகிறானே என்று அழுத அம்மா அவர். மனாமாவில் ஆராதனை உண்டு என்று எழுதியும் மனம் ஆறவில்லையாம். அதனால் தம்பி, ஆதியில் இங்கே ஒரு பிஷப்பே இருந்தார், சமாஹீஜ் அவருடைய ஊர், அதை ஒட்டிய தைர் கிராமத்தின் பெயருக்கே மடம் என்றுதான் பொருள் என்று எழுதியிருக்கிறார். "அங்க போய் எனக்காக முழங்கால் போட்டுட்டு எழுதுய்யா" என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வெள்ளி, அடுத்த வெள்ளி என்றே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

தைரில் இறங்கி சமாஹீஜ் வரை நடந்து தேடியும், பழைய கல் ஒன்றுகூட இல்லை. பேரீச்சை மரங்களும் ஓர் இடுகாட்டு மேடும்தான். மேட்டடியில் முழங்காலிட்டிருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்ட ஊர்க்காரரிடம், வேலை சைட்டில் பழகிய அரைகுறை அரபியில் "உம்மி, மாஃபி" என்றாராம். அம்மா இல்லை. அந்த மனிதர் தோளைத் தொட்டுவிட்டு, கீழே கிடந்த தூக்கை எடுத்துப்போய் வீட்டில் இருந்த தயிரை நிரப்பிக் கொண்டுவந்தாராம். அதிலேயே சோறு பிசைந்து தம்பிக்குக் கொடுத்தேன். என் கேலியை நினைத்து வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

இப்போது அதே சமாஹீஜ் இடுகாட்டு மேட்டைத் தோண்டி, பழைய கிறிஸ்தவக் கட்டடம் ஒன்றைக் கண்டெடுத்திருக்கிறார்களாம். பேரன் போனில் படம் காட்டியதும் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுத் தம்பியிடம் சொன்னேன்.

"அப்ப நான் சரியான இடத்துலதான் முழங்கால் போட்டிருக்கேன், என்னக்கா?"

"ஆமா தம்பி."

"அம்மாவுக்கு எழுதணும்க்கா" என்றார், எண்பதை நெருங்கும் அந்தத் தம்பி.

அன்று சாயந்தரம் அந்தத் தூக்கில்தான் பாலுக்கு உறை ஊற்றினேன்.