ஐந்து வாரம் தராத மாத்திரை

என் தம்பி ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவன். தாங்க முடியாத தலைவலி என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எச்.ஐ.வி. இருப்பதும், மூளைச் சவ்வில் பூஞ்சை தொற்றியிருப்பதும் அங்கேதான் தெரிந்தது. பூஞ்சைக்கு மருந்து ஏற்றினார்கள். எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் தரவில்லை.

நாலாம் நாள் வார்டு நர்ஸிடம் கத்திவிட்டேன். "இந்த நோய் வந்தவன்தானே, சாகட்டும்னு விட்டுட்டீங்களா?"

அவர் கோபப்படாமல் என்னை உட்காரவைத்தார். "இப்பவே குடுத்தா எதிர்ப்பு சக்தி திடீர்னு ஏறும்க்கா. அது பூஞ்சையோட மோதுற வேகத்துல மூளை வீங்கிடும், உயிருக்கே ஆபத்து. மொதல்ல பூஞ்சை அடங்கட்டும். அஞ்சு வாரம் பொறுங்க."

அரைமனதாகத்தான் பொறுத்தேன். ஐந்து வாரம் கழித்து அவரே மாத்திரையைத் தந்தார். இன்று தம்பி வேலைக்குப் போகிறான்.

மன்னிப்புக் கேட்டபோது, "பாசம் ஜாஸ்தி, அதான் கத்துனீங்க" என்று சிரித்தார். என் அவசரத்துக்கு அவர் இணங்கியிருந்தால் எனக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான்.