பொடி ஜல்லி தூவிய வாசல்

ஆஸ்திரியாவில், அதுவும் மலைமேல் வேலை என்றதும் என் சொந்தக்காரர்களுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. பாடாலூரில் பஸ் ஏற்றிவிட வந்த சித்தப்பா, "சினிமாவுல பாட்டு எடுக்கற எடம்டா அது, குடுத்து வச்சவன் நீ" என்றார். நான் பாட்டுப் பாடப் போகவில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கும் கிரஷரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், அங்கேயும் அதே கல்லை உடைக்கிற கிரஷரைப் பழுது பார்க்கத்தான் போனேன். தூசி ஒன்றுதான். குளிர் மட்டும் கூடுதல்.

என் மனைவி அடுத்த கோடையில் வந்தாள். பூலாம்பாடிக்காரி. கிளம்புவதற்கு முன்பே போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஒரு குளிர்காலம் இருந்து பாப்பேன். ஒத்து வரலைன்னா ஊருக்கு வந்துடுவேன். அப்பறம் என்னைக் கூப்புடக் கூடாது."

சரி என்றேன். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அப்போது அவள் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

வந்த மறுநாள் காலையில் கண் விழித்ததும் வாளி எங்கே என்றாள். வாசல் தெளிக்க. பெட்டியில் துணிகளுக்கு நடுவே கோலப்பொடி பாக்கெட்டுகளைத் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு முன்னால் கல் பாவிய சின்ன முற்றம், அதை ஒட்டிக் கீழே இறங்குகிற பாதை. அவ்வளவுதான் வாசல். தெளித்து, கூட்டி, புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. தெளிக்காத வாசல் என்றால் நம் பக்கத்தில் எழவு விழுந்த வீடு. அப்படியொரு வீட்டுக்குள் அவளால் அடுப்புப் பற்றவைக்க முடியாது.

அந்த ஊர் ஜனங்கள் நல்லவர்கள்தான். ஆனால் பேசினால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல இருப்பார்கள். எதிரே வந்தால் தலையை ஆட்டுவார்கள், போய்விடுவார்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அம்மாள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. தினமும் காலையில் ரொட்டி வாங்க எங்கள் வாசல் வழியாகத்தான் கீழே இறங்குவார். கோலத்தைக் கண்டால் நிற்பார். குனிந்து பார்ப்பார். பிறகு மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அவர் நிற்பதை ஜன்னல் வழியே பார்ப்பதற்காகவே என் மனைவி தினம் ஒரு புதுக் கோலம் போட்டாள். "இன்னிக்கு ரொம்ப நேரம் நின்னாங்க" என்று நான் வேலை விட்டு வந்ததும் சொல்வாள். இவள் இங்கே ஒட்டிக்கொள்வாள் என்று நான் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

இலையெல்லாம் உதிர்ந்து முதல் கடுங்குளிர் இறங்கிய அன்று நான் இருட்டோடு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அவள் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல ஒரு வாளித் தண்ணீரை வாசலில் தெளித்தாள். தண்ணீர் உறையும் என்று தெரியாதா என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது, எல்லாம் தெரியும். வாசல் தெளிப்பது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, அவ்வளவுதான். கோலம் போட்டு முடிப்பதற்குள் பாதையோரம் வழிந்த தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. ரொட்டி வாங்கக் கிளம்பிய அந்த அம்மாள் எப்போதும்போலக் கோலத்தை மிதிக்கக் கூடாதென்று ஓரமாக ஒதுங்கினார். விழுந்தார். மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மனைவி அழுதாள். அந்த அம்மாள் கட்டுப் போட்ட கையை மெல்லத் தூக்கிக் காட்டி, பரவாயில்லை என்று சிரித்தார். அதோடு சரி. யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசல் முழுக்கப் பொடி ஜல்லி தூவியிருந்தது. பனியில் வழுக்காமல் இருக்க அங்கே அதைத்தான் தூவுவார்கள். எங்கள் சுரங்கத்துக் கல்தான், நான் பழுது பார்க்கிற கிரஷரில் உடைந்த கல். யார் தூவியது என்று தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் தூவியிருந்தது. நாங்கள் எழுவதற்கு முன்பே யாரோ வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

"நம்மூரா இருந்தா அந்தம்மா மவன் வந்து வாசல்ல நின்னு கத்திருப்பான்" என்றாள் அவள். "நாலு வார்த்தை திட்டிருப்பான். நாமளும் பதிலுக்கு ரெண்டு சொல்லிருப்போம். முடிஞ்சிருக்கும். இவங்க வாயத் தொறக்காம கல்லப் போட்டுட்டுப் போறாங்க."

"நல்லதுக்குத்தான் போடறாங்க" என்றேன்.

"அப்ப கதவத் தட்டிச் சொல்லலாம்ல?"

எனக்கும் கோபமாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வாளியைத் தொடவில்லை. மார்கழியில் அவள் அம்மா போன் செய்து வாசல் தெளித்தாயா என்று கேட்டபோது, தெளித்தேன் என்று பொய் சொன்னாள். தை பிறந்ததும் ஒருநாள், சமைத்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, "எழவு வூட்டுல ஒக்காந்து சாப்புடற மாதிரி இருக்குங்க" என்றாள். பனி உருகியதும் ஊருக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. கூப்பிடக் கூடாது என்பதற்குத்தான் முன்பே சரி சொல்லியிருந்தேனே.

இந்தக் கோடை முடியும்போது பக்கத்து வீட்டு அம்மாள் என் கதவைத் தட்டினார். கை நன்றாக ஆகிவிட்டது. உங்கள் மனைவி எப்போது வருவார் என்று கேட்டார். வாசலில் அந்தப் படம் இல்லாமல் காலை நன்றாகவே இல்லையாம். குளிர்காலம் முடிந்ததும் திரும்பப் போடுவார் என்று காத்திருந்தாராம். இந்த நாலு வாக்கியம் சொல்ல அவருக்கு ஒரு வருடம் தேவைப்பட்டிருக்கிறது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்த வயசான மனுஷியைக் கண்டபடி திட்டியிருப்பேன்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். பூலாம்பாடியில் அப்போது விளக்கு வைக்கிற நேரம்.

"இப்பத்தான் வாய் வந்துச்சா அவங்களுக்கு?" என்றாள்.

"வரியா?" கேட்டே விட்டேன்.

"வாசல் தெளிக்கணும், வச்சிடறேங்க."

வைத்தவள் போனைச் சரியாக அணைக்கவில்லை. வாளியின் சத்தமும் மண்ணில் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு நானே அணைத்தேன்.

நேற்று இங்கே முதல் கடுங்குளிர் இறங்கியது. காலையில் கதவைத் திறந்தேன். தண்ணீர் தெளிக்க ஆளில்லாத வாசல் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் யாரோ பொடி ஜல்லி தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.